பதினொன்றால் வகுக்காதீர்கள்

அன்புள்ள அக்கா,

சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம். பன்னிரண்டு வருடமாகத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டைலராக இருக்கிறேன். மனைவிக்கும் அதே கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்க நின்று, கால் வீங்கித்தான் வீட்டுக்கு வருவாள். வருடா வருடம் கிறிஸ்மஸுக்குக் கை நிறையப் பைகளோடு ஊருக்குப் போவோம். இந்த வருடம் அமெரிக்க வரி வந்த பிறகு ஆர்டர் குறைந்துவிட்டது. ஒன்றரை ஷிப்டு ஓடிய இடத்தில் சில நாள் ஒரு ஷிப்டுக்கே வேலை இல்லை. டிக்கெட் போக மிஞ்சுவது 2000 ரூபாய். கொடுக்க வேண்டியவர்கள் அம்மா, மனைவி, என் பிள்ளைகள் இரண்டு பேர், நர்ஸாக இருக்கும் தங்கை, மாப்பிள்ளை, அவர்கள் பிள்ளைகள் மூன்று பேர், பெரியம்மா, எனக்கு ஞாயிறு பள்ளி எடுத்த டீச்சர் என்று பதினொரு பேர். போன வருடம் அம்மாவுக்கு எடுத்த சேலையே இன்னும் கவர் பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது. ஆனாலும் வெறுங்கையோடு போக மனசு வரவில்லை. குழந்தை இயேசுவைப் பார்க்க ஞானிகளே பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் கொண்டுதானே வந்தார்கள்? வாரத் தவணைக்குக் கடன் வாங்கலாமா, இல்லை லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி இங்கேயே இருந்துவிடலாமா?

பெயர் வேண்டாம் அக்கா,
திருப்பூர்.

அன்புள்ள தம்பி,

கடன் வாங்க வேண்டாம். ஊருக்குப் போங்கள். மற்றதைப் பேசுவதற்கு முன்னால் இந்த இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

ஞானிகளைச் சொன்னீர்கள். பைபிளில் அவர்கள் வருவது மத்தேயுவில். லூக்காவில் வருகிறவர்கள் மேய்ப்பர்கள். அவர்கள் கையில் என்ன இருந்தது என்று லூக்கா ஒரு வார்த்தை எழுதவில்லை. ‘தீவிரமாய் வந்து’ பிள்ளையைக் கண்டார்கள் என்றுதான் இருக்கிறது. அதே அதிகாரத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் படித்துப் பாருங்கள். பிள்ளையை எருசலேம் தேவாலயத்துக்குக் கொண்டுபோகும்போது பெற்றோர் செலுத்த வேண்டியது ஒரு ஜோடி புறா என்று வரும். பழைய ஏற்பாட்டு லேவியராகமப்படி அதற்கு ஓர் ஆட்டுக்குட்டி கொண்டுபோக வேண்டும். ஆட்டுக்கு வசதி இல்லாதவர்களுக்கு விட்டுக்கொடுத்த கணக்குதான் புறா. யோசேப்பும் பட்ஜெட் போட்டவர்தான்.

சரி, 2000 ரூபாய்க்கு வருவோம். பதினொன்றால் வகுத்தால் தலைக்கு 180 சொச்சம். அதற்குப் பதினொரு பிளாஸ்டிக் டப்பா வாங்கலாம். வாங்கியவர் அடுத்த கல்யாண வீட்டுக்கு அதையே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். எல்லோருக்கும் சமமாகக் கொடுத்தால் யார் மனதிலும் நிற்காது. ஒருத்தருக்குக் காசை வையுங்கள், ஒருத்தருக்கு உழைப்பை வையுங்கள், ஒருத்தருக்கு ஒரு கடிதத்தை. யாருக்கு எது என்பதில்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

எங்கள் ஆச்சியின் மூக்குக் கண்ணாடி ஒரு பக்கக் கால் கழன்று, நூல் போட்டுக் கட்டி வைத்திருப்பாள். பைபிள் வாசிக்கும்போது ஒரு கை கண்ணாடியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். சித்தப்பாவும் பார்த்திருக்கிறார். அந்தக் கிறிஸ்மஸுக்கு அவருக்கும் கையில் காசில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே கடுகு மாதிரி ஒரு திருகாணி. திண்ணையில் வெளிச்சத்துக்கு நேராக உட்கார்ந்து, பேனாக்கத்தி முனையால் திருகினார். இரண்டு தடவை கீழே விழுந்தது. எங்களையெல்லாம் தரையில் கவிழ்ந்து தேட வைத்தார். மறுநாள் அதிகாலை ஆராதனையில் ஆச்சி இரண்டு கையாலும் பாட்டுப் புஸ்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வருடம் வேறு யார் என்ன கொடுத்தார்கள் என்று எனக்குச் சுத்தமாக நினைவில்லை.

உங்கள் கடிதத்திலேயே அப்படி இரண்டு திருகாணி இருக்கிறது. ஒன்று, கவர் பிரிக்காத சேலை. அம்மாவுக்குப் பிடிக்காமல் இல்லை. பிளவுஸ் தைக்கவில்லை, ஃபால்ஸ் அடிக்கவில்லை, தையல் கூலி கொடுக்க யோசித்து வைத்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போன் போட்டு நேரடியாகக் கேட்காதீர்கள், ‘இருக்கிறது கட்டுவேன்’ என்பார். தங்கையிடம் சொல்லி பிளவுஸ் துணியை இப்போதே தைக்கக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். கூலியை நீங்கள் அனுப்பிவிடுங்கள். பனியன் தைப்பவருக்கு பிளவுஸ் வெட்டு கைவராது என்று தெரியும், அதற்குத்தான் வெளியே கொடுப்பது. ஃபால்ஸ் உங்களால் முடியும். போய் இறங்கிய அன்றைக்கே உட்கார்ந்து அடித்துக் கொடுங்கள். புதுச் சேலை எடுக்கவே வேண்டாம்.

இன்னொன்று உங்கள் மனைவியின் கால். 2000 ரூபாயில் பெரிய பங்கு அங்கேதான் போக வேண்டும். அடி மெத்தென்று, பின்பட்டை வைத்த நல்ல செருப்பாக ஒன்று, அவரையே கூட்டிப்போய், மாலை நேரத்தில், கால் வீங்கியிருக்கும்போதே போட்டுப் பார்த்து வாங்குங்கள். ‘எனக்கு எதுக்குங்க’ என்பார். அதைக் காதில் வாங்க வேண்டாம்.

பிள்ளைகள் ஐந்து பேர். காதர்பேட்டை பக்கம் கட் பீஸ் கிலோக் கணக்கில் கிடைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவா? ஐந்து பேருக்கும் ஒரே துணியில் இரவு பேன்ட் தையுங்கள், பாக்கெட்டில் அவரவர் பெயரின் முதல் எழுத்தை வேறு நிறத் துணியில் வெட்டி வைத்து அடியுங்கள். கடையில் காசு கொடுத்தாலும் அது கிடைக்காது. (கம்பெனி வேஸ்ட்டிலிருந்து எடுத்து வர வேண்டாம். வேலை ஆடிக்கொண்டிருக்கும் நேரம் இது.)

பெரியவர்கள் விஷயத்தில் தங்கையிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நர்ஸ் என்கிறீர்கள், கிறிஸ் மாம், கிறிஸ் சைல்டு விளையாட்டு தெரியாமலா இருப்பார்? ஹாஸ்டலில் டிசம்பர் பிறந்ததும் சீட்டுக் குலுக்கி எடுத்து, யாருக்கு யார் என்று கடைசி வரை சொல்லாமல் சின்னச் சின்னதாக வைத்துவிட்டுப் போவார்களே, அதேதான். ஆளுக்கு ஒரு சீட்டு, ஒரே ஒருத்தருக்கு ஒரு பரிசு, இவ்வளவு ரூபாய்க்கு மேல் கூடாது என்று ஒரு வரம்பு. மாப்பிள்ளைக்கு என்ன செய்வது என்ற தலைவலியும் அதிலேயே தீர்ந்துவிடும். யாருக்குத் தெரியும், அவருக்கும் இந்த வருடம் அதே கவலையாக இருக்கலாம்.

டீச்சருக்குத் தபால் அட்டை. விலை 50 காசு. 1843இல் லண்டனில் முதல் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையை அச்சடிக்கச் சொன்ன ஹென்றி கோல், எல்லோருக்கும் கைப்படப் பதில் எழுத நேரமில்லாமல் போனவர். அன்றைக்குத் தொடங்கிய சோம்பேறித்தனம் இன்றைக்கு வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ படமாக வந்து நிற்கிறது. நீங்கள் டீச்சரிடம் மனப்பாடம் செய்த ஒரு வசனத்தை, இன்னும் நினைவிருக்கிறது என்று எழுதிப் போடுங்கள். ஊருக்குப் போனதும் நேரில் ஒரு எட்டுப் பார்த்துவிட்டும் வாருங்கள்.

பெரியம்மாவுக்கு எதுவும் எடுக்க வேண்டாம், இரண்டு நாள் முன்னால் போய்ச் சேருங்கள், போதும். முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுப்பதும் முறுக்கு பிழிவதும் கிழவிகள் கையில்தானே கிடக்கிறது? முறுக்கு உழக்கை நீங்கள் வாங்கிப் பிழியுங்கள். மெஷின் ஓட்டிய கை, வலிக்காது.

அப்புறம், டிக்கெட் மிச்சம் பிடிப்பதாக நினைத்து 24ஆம் தேதி முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறாதீர்கள். பிள்ளைகளோடு திருநெல்வேலி வரை நின்றுகொண்டு வந்து, அதன்பிறகு திருச்செந்தூர் பாசஞ்சருக்கும் அடிபிடி என்றால் பண்டிகை முழுக்கத் தூங்கியே போய்விடும். ஐந்து பேன்ட்டுக்கும் அளவை போனில் கேட்டு வாங்குங்கள், பிள்ளைகளுக்குத் தெரியாமல். உயரத்தில் இரண்டு அங்குலம் கூட விட்டு மடித்து அடியுங்கள், அடுத்த கிறிஸ்மஸுக்குப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா