பச்சை இறாலும் பொறாமைப்பட்ட மாமாவும்

கேள்வி: தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகன் தமிழ்க் கட்டுரையில், 'மாமா பொறாமையால் பச்சையாகிவிட்டார்' என்று எழுதினான். ஆசிரியர் அடித்துவிட்டார். ஆங்கிலத்தில் 'கிரீன்' என்ற ஒரே சொல் நிறம், பொறாமை, அனுபவமின்மை, சுற்றுச்சூழல் என்று எத்தனை வேலை செய்கிறது! நம் 'பச்சை' மட்டும் ஏன் வெறும் நிறத்தோடு நின்றுவிட்டது?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: நிற்கவில்லை அம்மா. உங்கள் வீட்டிலேயே அது காலை முதல் இரவு வரை புழங்குகிறது. பச்சைத் தண்ணீரில் நிறம் ஏது? பச்சரிசி வெள்ளை, பச்சைக் கற்பூரமும் வெள்ளை. சாம்பாரைப் 'பச்சை வாசனை போகக் கொதிக்கட்டும்' என்கிறோம். பிள்ளை பெற்றவளுக்குப் பச்சை உடம்பு, பிறந்தது பச்சைக் குழந்தை. கூசாமல் சொன்னால் பச்சைப் பொய். இத்தனையும் புழங்கும் வீட்டில், தமிழ்ச் சொல்லுக்கு வளம் போதாது என்று பிள்ளை காதுபடச் சொல்லாதீர்கள். அவன் நம்பிவிடுவான். எனக்கு அதுதான் கவலை.

'கிரீன்' என்ற சொல்லையும் கொஞ்சம் பார்ப்போம். வளர்வதைக் குறிக்கும் 'குரோ', புல்லைக் குறிக்கும் 'கிராஸ்' இரண்டும் அதோடு ஒரே வேரில் பிறந்தவை. அதனால்தான் காயாத மரம் அங்கே 'கிரீன் வுட்', இங்கே பச்சை விறகு. ஆறாத காயத்தை முன்பு ஆங்கிலத்தில் 'கிரீன்' என்றார்கள், நமக்கு அது பச்சைப் புண். ஆஸ்திரேலியர்கள் இன்றும் சமைக்காத இறாலை 'கிரீன் ப்ரான்' என்றுதான் சொல்கிறார்கள். அந்த இறாலின் நிறமோ சாம்பல்! தேக்கா சந்தையில் வாங்கி வந்த இறாலைப் 'பச்சையாவே ஃபிரிட்ஜில் வை' என்று சொல்லும் நம் வீட்டுப் பேச்சு அப்படியே அங்கேயும் இருக்கிறது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதில்லை. இரண்டு மொழிக்காரர்களும் வெட்டிய கிளையையும் இளந்தளிரையும் பார்த்துத் தாங்களாகவே வந்து சேர்ந்த இடம் இது.

பொறாமையில்தான் வழி பிரிகிறது. ஆங்கிலத்தில் 'கிரீன்' என்பது நோயில் வெளிறிய முகத்துக்கும் ஆகும். இளம்பெண்களுக்கு வந்த சோகையைக்கூட முன்பு 'கிரீன் சிக்னஸ்' என்றார்கள். முகம் அப்படி மாறுவதைத் தமிழும் பார்த்திருக்கிறது. பச்சை பிறந்த அதே வேரில் வந்த சொல்தான் பசலை, காதலனைப் பிரிந்தவளின் மேனியில் படரும் நிறமாற்றம். காதலன் தொடும்போது விலகி, விட்டால் மீண்டும் படரும் பசலையை, ஊர்க் கேணியின் பாசியோடு ஒப்பிட்டார் சங்கப் புலவர் பரணர். ஆனால் நாம் அதைப் பிரிவுக்கு வைத்துக்கொண்டோம். பொறாமைக்கு நமக்கு வயிறு இருக்கிறது, அது எரியும். 'பொறாமை' என்ற சொல்லே பொறுக்க முடியாமையிலிருந்து வந்தது.

அனுபவமில்லாதவருக்குக் கற்றுக்குட்டி. 'வேலைக்குப் புதுசு' என்றாலும் போதும்.

சுற்றுச்சூழல் விஷயத்தில் நம் மொழிபெயர்ப்பாளர்களைப் பாராட்ட வேண்டும். 2021இல் சிங்கப்பூர் அரசாங்கம் அறிவித்த திட்டம் தமிழில் 'பசுமைத் திட்டம் 2030' ஆனது. 'பச்சைத் திட்டம்' என்று எழுதியிருந்தால் உயிரில்லாமல் போயிருக்கும். ஒரே வேரில் வந்த இரண்டு சொற்களில் எது எங்கே பொருந்தும் என்று காதால் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம், இதையே திருப்பிப் பாருங்கள். 'பச்சை பச்சையாகத் திட்டினான்' என்பதை ஆங்கிலத்தில் 'கிரீன்' போட்டு எழுதினால் யாருக்கும் புரியாது. ஆபாசப் பேச்சுக்கு அவர்கள் வைத்திருக்கும் நிறம் நீலம். உங்கள் மகன் ஆங்கிலக் கட்டுரையில் அப்படி எழுதினால் நீங்களே திருத்தியிருப்பீர்கள், ஆங்கிலத்துக்கு வளமில்லை என்று சொல்லியிருக்க மாட்டீர்கள்.

ஆசிரியர் அடித்தது சரி. ஆனால் பக்கத்தில் ஒரு வரி எழுதியும் காட்டியிருக்கலாம். இன்று இரவு மகனை உட்காரவைத்து, அந்த மாமாவுக்கு என்ன ஆயிற்று என்று தமிழிலேயே கேளுங்கள். 'வயிறு எரிஞ்சிருக்கும்' என்று அவன் வாயிலேயே வரலாம். வராவிட்டால் பாட்டிக்குப் போன் போட்டு அவனிடம் கொடுங்கள்.