நியூரோ படிக்க நீட் மட்டும்தான் வழியா? பாம்பனிலிருந்து கேட்ட அம்மாவுக்கு

பிளஸ் டூ பயோ மேத்ஸ் படிக்கும் உங்கள் மகள் "மூளை, நரம்புதான் படிப்பேன்" என்கிறாள். நீங்களோ நீட் கோச்சிங்குக்கு நகையை வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். நகை பெட்டியிலேயே இருக்கட்டும், அம்மா. டாக்டராக வேண்டும் என்றால் நீட் கட்டாயம். நரம்பில் ஓடும் மின்சாரத்தை அளந்து பார்ப்பதுதான் நரம்பு உடலியங்கியல். அதற்குள் நுழைய வேறு இரண்டு வழிகள் உண்டு, ஒன்று ஆஸ்பத்திரிக்கு, மற்றது ஆய்வகத்துக்கு. படிப்பும் வேறு, சம்பளம் கைக்கு வரும் வயதும் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பணம் கட்டிவிட்டுத் தவிக்கும் வீடுகள் நிறைய.

ஆஸ்பத்திரி வழிக்கு பி.எஸ்சி. நியூரோ எலக்ட்ரோ பிசியாலஜி. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் துணை மருத்துவப் படிப்புகளில் இதுவும் ஒன்று. மூன்று வருடம் வகுப்பு, ஒரு வருடம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. சேர்க்கை விதிகள் மாறலாம், அதனால் அந்தந்த வருடத்து விவரக் கையேட்டைப் படித்துவிட்டே விண்ணப்பம் போடுங்கள்.

வேலை எப்படி இருக்கும் என்று மகளுக்குத் தெரிய வேண்டும். மூளையின் மின்சாரத்தைப் பதிவு செய்யும் சோதனைதான் இ.இ.ஜி. அதை எடுக்க வந்தவரின் மூக்கு மேட்டிலிருந்து பின்மண்டை முகடு வரை டேப் வைத்து அளப்பார்கள். 36 செ.மீ. வந்தால் முதல் புள்ளி அதில் பத்தில் ஒரு பங்கு, 3.6 செ.மீ. தள்ளி, அடுத்தவை ஐந்தில் ஒரு பங்கு, 7.2 செ.மீ.க்கு ஒன்று. தலையில் 19, காதில் 2 என்று எலெக்ட்ரோடுகளை, அதாவது மின்முனைகளை, பசை தடவி ஒட்டி, ஒவ்வொன்றின் மின்தடையும் 5 கிலோ ஓமுக்குக் கீழே வரும்வரை தோலைத் தேய்ப்பார்கள். தலை நிறைய தேங்காய் எண்ணெயோடு வந்தால் அது வரவே வராது. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால்தான் முந்தின நாளே ஷாம்பு போட்டுக் குளிக்கச் சொல்வது. நம் கடற்கரைப் புழுக்கத்தில் ஏசி நின்றுபோனால் வியர்வை இன்னொரு தொல்லை: திரையில் கோடுகள் எல்லாம் அலை மாதிரி மெதுவாக ஏறி இறங்கும். பக்கத்தில் யாராவது செல்போன் சார்ஜரைச் செருகினால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்து ஒட்டிக்கொள்ளும். மூளையின் சிக்னல் 10 முதல் 100 மைக்ரோவோல்ட்தான், அதாவது ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் 10 முதல் 100 பங்கு. பிள்ளை பல்லைக் கடித்ததால் வந்த கூர்முனையை வலிப்பின் அடையாளம் என்று விட்டுவிட்டால் தேவையில்லாத மாத்திரை வருடக்கணக்கில் ஓடும். அழுகிற குழந்தையைத் தூங்க வைத்து, அது எழாமல் பதிவை முடிக்கிற பொறுமை உங்கள் மகளுக்கு இருக்கிறதா? மார்க்கை விட நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஆய்வக வழிக்கு உதாரணம் உங்கள் ஊர் மீன் ஏலத்திலேயே கிடக்கிறது. ஊசிக் கணவாயின் உடலில் ஓடும் பெருநரம்பிழை, சில இனங்களில் கிட்டத்தட்ட 1 மி.மீ. தடிமன். நம் நரம்பிழைகளில் பருமனானதே 0.02 மி.மீ.தான். கணவாயின் இழை அவ்வளவு பெரிதாக இருந்ததால்தான் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1939-இல் அதற்குள்ளேயே மின்முனையைச் செருகி அளக்க முடிந்தது. சோடியம் உள்ளே பாய்ந்து, பொட்டாசியம் வெளியேறுவதால் நரம்புத் துடிப்பு உண்டாகிறது என்பதை 1952-இல் கணக்கோடு காட்டினார்கள், 1963-இல் நோபல். வலையில் வந்தால் தூக்கி எறிகிற பேத்தை மீனின் விஷம், நரம்பிழையில் அந்தச் சோடியம் நுழையும் வாயிலைத்தான் அடைக்கிறது. தின்றவருக்கு முதலில் உதடு மரத்து, பிறகு மூச்சுத் தசை நிற்பது அதனால்தான்.

இன்று ஒரே ஒரு வாயிலின் மின்னோட்டத்தையும் அளக்கிறார்கள். நேஹர், சாக்மன் என்ற ஜெர்மன் விஞ்ஞானிகள் 1976-இல் காட்டிய பேட்ச் கிளாம்ப் முறை அது. கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து, முனையை 1 மைக்ரோமீட்டர் அளவுக்குக் கொண்டுவந்து, செல்லின் மேல் வைத்து மெல்ல உறிஞ்ச வேண்டும். முனையில் தூசி, கரைசலில் உப்பு அளவு பிசகு, தரையில் அதிர்வு, ஏதாவது ஒன்று இருந்தால் ஒட்டாது. புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்கு மாதக்கணக்கில் ஒட்டாமலே போவதும் உண்டு.

இன்னொரு பக்கம் மூளைக்குள் செருகும் நியூரோபிக்சல்ஸ் என்ற ஊசி, 2017-இல் வந்தது, ஒரே நேரத்தில் 384 இடங்களில் பதிவு செய்யும். இடம் ஒன்றுக்கு நொடிக்கு 30,000 முறை. பெருக்கினால் நொடிக்கு 1 கோடியே 15 லட்சம் எண்கள். 2024-இல் பழ ஈயின் மூளை முழுவதையும், 1,39,255 நரம்புச் செல்களோடு, வரைபடமாக்கினார்கள். இதையெல்லாம் கண்ணால் பார்த்து முடிக்க முடியாது, பைத்தான் என்ற கணினி மொழி தெரிய வேண்டும். ஆகவே "பயாலஜி போதும், மேத்ஸ் எதுக்கு" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

படிக்கும் இடம்: ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களின் ஐந்து வருட பி.எஸ்.-எம்.எஸ். படிப்புக்கு ஐ.ஏ.டி. தேர்வு. 60 கேள்வி, இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல் நான்கிலும் 15 வீதம். அது கிடைக்காவிட்டால் நல்ல அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் அல்லது இயற்பியல், பிறகு ஜாம் போன்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி. அதன்பின் பெங்களூரு நிம்ஹான்ஸ், மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் பி.எச்டி. நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. கூட்டிப் பாருங்கள், நிலையான வேலைக்கு 28 வயதைத் தாண்டிவிடும். நான்கைந்து வருடத்தில் வீட்டுக்குச் சம்பளம் வந்தே ஆக வேண்டும் என்றால் ஆஸ்பத்திரி வழிதான் சரி என்பேன். அதிலிருந்து பின்னால் ஆய்வுக்கு மாறுவது எளிதல்ல. துணை மருத்துவப் பட்டத்தை எல்லா எம்.எஸ்சி.யும் ஏற்காது, சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பள்ளி புராஜெக்ட் என்று கடலட்டையையோ கடல்குதிரையையோ பிடித்துவர விடாதீர்கள். இரண்டும் வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, வழக்கு வரும். ஏலத்தில் வாங்கிய கணவாயை அறுத்துப் பார்ப்பதில் தடையில்லை.

பணம் கட்டும் முன் கல்லூரிக்கு நேரில் போங்கள். "இ.இ.ஜி. மெஷினை ஓட விட்டுக் காட்டுங்கள், ஒரு மாணவர் எத்தனை நோயாளிக்குப் பதிவு எடுப்பார்?" என்று கேளுங்கள். அறை பூட்டியிருக்கிறது, சாவி இல்லை என்று சொன்னால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.