முகமது அலி வழக்கு: மாணவர்கள் கேட்டவை

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறப் பிள்ளைகள் முகமது அலியைப் பற்றி என்னிடம் கேட்டவை இவை. நானும் தோட்டத்தில் வளர்ந்து வழக்கறிஞரானவன்.

படிவம் 4 மாணவர்: குத்துச்சண்டை வீரருக்கும் சட்டத்துக்கும் என்ன தொடர்பு, ஐயா?

வியட்நாம் போர்க்காலம் தம்பி. 1967 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் ராணுவத்துக்கு ஆள் சேர்த்தார்கள். பெயரைக் கூப்பிட்டதும் ஓர் அடி முன்னே வைக்க வேண்டும். அலி நகரவில்லை. தன் மதம் இந்தப் போருக்கு இடம் தராது என்றார். உலக வாகையர் பட்டம், குத்துச்சண்டை உரிமம், கடப்பிதழ் எல்லாம் போயின. ஐந்தாண்டு சிறை, 10,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பாயிற்று. மேல்முறையீடு செய்ததால் சிறைக்குப் போகவில்லை. ஆனால் 25 வயதிலிருந்து மூன்றரை ஆண்டு சண்டையே இல்லை.

படிவம் 5 மாணவி: சட்டத்தை மீறியவர் எங்களுக்கு எப்படி முன்மாதிரி?

அவர் ஓடி ஒளியவில்லை, மகளே. வரச் சொன்ன நாளில் வந்து நின்று மறுத்தார். அப்புறம் நீதிமன்றப் படிதான் ஏறினார்.

அதே மாணவி: எதனால் வென்றார்?

பலர் நினைப்பதுபோல், போர் தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. மனசாட்சியால் போரை மறுப்பவருக்கு அமெரிக்கச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. எல்லாப் போரையும் எதிர்க்க வேண்டும், அது சமய நம்பிக்கையிலிருந்து வர வேண்டும், உண்மையாக இருக்க வேண்டும். மூன்றுமே அலியிடம் இல்லை என்று அரசின் நீதி அமைச்சு எழுதியது. ராணுவ ஆள்சேர்ப்புக்கான மேல்முறையீட்டு வாரியம் அவர் மனுவைத் தள்ளியது. ஏன் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

உச்ச நீதிமன்றத்தில், அந்த மூன்றில் இரண்டு காரணங்கள் நிற்காது என்று அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. வாரியம் எதை நம்பித் தள்ளியது? யாருக்கும் தெரியாது. அதனால் 1971 ஜூன் 28 அன்று எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகத் தண்டனையை ரத்து செய்தார்கள். ஒன்பதாமவர் தர்குட் மார்ஷல், முன்பு அரசுக்காக வழக்காடும் பதவியில் இருந்தவர் என்பதால் ஒதுங்கிக்கொண்டார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லி என் அப்பாவுக்கும் ஒரு கடிதம் வந்தது. அதில் காரணமே இல்லை. அப்பா எதுவும் கேட்காமல் கைநாட்டு வைத்தார். இந்தத் தீர்ப்பை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு தாய்: என் மகன் படிப்பில் சுமார்தான், ஐயா.

1964இல் ராணுவத்தின் எழுத்துத் தேர்வில் அலி தேறவில்லை அம்மா. தகுதி அளவைக் குறைத்த பிறகுதான் 1966இல் அவரைச் சேர்க்க வந்தார்கள். தடைக்காலத்தில் அதே அலி பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகப் போய்ப் பேசினார்.

படிவம் 1 மாணவர்: நம் நாட்டுக்கு வந்தாரா?

வந்தார்! 1975 ஜூலை 1, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம். 15 சுற்றும் ஆடி ஜோ பக்னரைப் புள்ளிகளில் வென்றார்.

கல்லூரி மாணவர்: அவர் பெயரில் சட்டம் உண்டா?

உண்டு. அமெரிக்காவில் 2000இல் வந்தது. போட்டி நடத்துபவர் அந்தச் சண்டையில் தனக்கு எவ்வளவு வருகிறது என்பதை வீரரிடம் சொல்லியாக வேண்டும். விடுமுறையில் வேலைக்குப் போகிறீர்களே, சம்பளச் சீட்டு கேட்டு வாங்குகிறீர்களா? பிடித்தம் ஏதாவது புரியவில்லை என்றால் ஞாயிறு மாலை அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள்.