வீட்டு நாயை வைத்துச் செம்மறியாடுகளை ஓட்ட முடியுமா?

பத்துப் பன்னிரண்டு செம்மறிகளை ஒரு மேய்ச்சல் துண்டிலிருந்து அடுத்ததற்கு மாற்ற வேண்டும், வீட்டில் செல்லமாக வளர்க்கும் இரண்டு நாய்கள் உதவுமா, அல்லது அதற்கென்றே ஓர் இன நாய் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உதவும். ஆனால் இரண்டும் அல்ல, ஒன்றுதான். அது எந்த நாய் என்பதில் நான் ஏமாந்த மாதிரி நீங்களும் ஏமாறலாம்.

என்னிடமும் இரண்டு. மணி துறுதுறுவென்று இருப்பான், பந்தைத் தூக்கிக் காட்டினாலே பறப்பான். கருப்பன் பெரிய உடம்புச் சோம்பேறி, சாப்பாட்டுத் தட்டு ஓசைக்குத் தவிர எதற்கும் எழமாட்டான். ஆடு ஓட்ட மணிதான் லாயக்கு, கருப்பன் துணைக்கு வரட்டும் என்று இரண்டையும் ஒன்றாக அவிழ்த்துவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மந்தை இரண்டாகப் பிளந்தது, ஓர் ஆடு வேலிக் கம்பியில் தலையை மாட்டிக்கொண்டது, மணி இன்னொன்றின் தொடையைக் கவ்விவிட்டான். கம்பளி மூடியிருந்ததால் காயம் தெரியவே இல்லை. நாலைந்து நாள் கழித்து அந்த ஆடு நொண்டியபோது மயிரை விலக்கிப் பார்த்தால், புழு வைத்திருந்தது. நாய் பல் பட்டதாகச் சந்தேகம் வந்தாலே ஆட்டைப் பிடித்துக் கையால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

மேய்ப்பு நாய் செய்வது பாதியில் நிறுத்திய வேட்டை. உற்றுப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்று ஓநாயின் வேட்டை படிப்படியாகப் போகும். பார்டர் கோலி மாதிரி இனங்களில் முதல் படிகளைக் கூர்மையாக்கி, கடைசிப் படிகளை அடக்கும்படி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்த இனத்தின் மூதாதை என்று சொல்லப்படும் ‘ஓல்டு ஹெம்ப்’ 1893-ல் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் பிறந்த நாய். சத்தமில்லாமல், பார்வையாலேயே ஆட்டை நகர்த்தும் என்று அதற்குப் பெயர். வீட்டு நாயிடம் எந்தப் படி இருக்கிறது, எது இல்லை என்று சொல்ல முடியாது. மணியிடம் துரத்தலும் கவ்வலும் இருந்தன, நிறுத்தம் இல்லை. துரத்துவதே நாய்க்குப் பரிசு என்பதால் ஒவ்வொரு முறை ஓடவிடும்போதும் பழக்கம் இன்னும் இறுகும். இரண்டு நாய் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், ஒன்றை ஒன்று ஏற்றிவிடும்.

அப்புறம்தான் ஆட்டைக் கவனித்தேன். அதற்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால், நேர் பின்னால் கொஞ்சம் இடம் தவிரச் சுற்றிலும் பார்க்கிறது. ஆளோ நாயோ ஓரளவுக்கு மேல் நெருங்கினால் விலகும், இன்னும் நெருங்கினால் மிரண்டு ஓடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் வேலை. ஆட்டின் தோளுக்குப் பின்பக்கம் நீங்கள் வந்தால் அது முன்னே போகும், தோளைத் தாண்டி முன்னால் வந்தால் திரும்பிவிடும். முக்கியமாக, அது நகரத் தொடங்கியதும் நெருக்குவதை நிறுத்த வேண்டும். நகர்ந்த பிறகும் துரத்தினால், நகர்ந்து பயனில்லை என்றே ஆடு கற்றுக்கொள்ளும்.

இதற்குக் கருப்பன் கச்சிதமாகப் பொருந்தினான். அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை ‘படு’ என்றால் படுப்பது. ஆடுகள் தப்பிப் போகும் சந்து ஒன்று எல்லா இடத்திலும் இருக்குமல்லவா, அங்கே அவனைப் படுக்க வைத்தேன். நான் பின்னால் நின்று மெதுவாக நடந்தேன். சந்துப் பக்கம் திரும்பிய ஆடுகள் அவனைப் பார்த்ததும் வாசலுக்கே திரும்பின. அவன் எதையும் ஓட்டவில்லை, ஒரு தட்டி செய்யும் வேலையைச் செய்தான். தட்டியை நான் தூக்கிச் சுமக்க வேண்டும், இவன் தானே நடந்து வருவான், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே ஆடு இல்லாத இடத்தில் மூன்று சொல் பழக்குங்கள்: படு, நில், போதும். பந்து பறக்கும்போதும் ‘படு’வுக்குப் படுத்தால்தான் ஆட்டருகே கொண்டுபோகலாம். முதல் சில வாரம் நீளக் கயிறு கட்டாயம். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். ஒற்றை ஆட்டை வைத்துப் பழக்காதீர்கள், தனி ஆடு பதறும். ஐந்தாறு இருந்தால்தான் ஒன்றாகக் கூடி நகரும்.

சினை ஆடுகளிடம் நாயே வேண்டாம், ஓடிக் களைத்தால் கரு கலையலாம். குட்டி போட்ட தாயும் கிடாவும் நாயை எதிர்த்து முட்டும், பயந்த நாய் கடிக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும் ஆட்டைக் கண்டால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று, பலர் விட்டுவிடுவது. ஆட்டின் பச்சைக் குடலும் ஈரலும் நாய்க்குப் போடவே கூடாது. அவற்றைத் தின்பதால் நாய்க்குத் தொற்றி அதன் குடலில் வளரும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை, மனிதர் வயிற்றுக்குள் போனால் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி வளரும். நாய்க்கு நாடாப்புழு மருந்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை கொடுப்பது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோலி வகை நாயாக இருந்தால் ஆடுகளுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தையும், அதைச் சாப்பிட்ட ஆடுகளின் புழுக்கையையும் அது நக்காமல் பாருங்கள். அந்த வகையில் பல நாய்களுக்கு மரபுக் குறை ஒன்று உண்டு, மருந்து மூளைக்குள் ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

இன நாய் வாங்குவது பற்றி: பன்னிரண்டு ஆட்டுக்குத் தேவையில்லை என்பேன். வேலைக்கென்று பிறந்த பார்டர் கோலிக்கு வேலை போதாவிட்டால் பிள்ளைகளையும் சைக்கிளையும் மேய்க்கத் தொடங்கிவிடும். மந்தையைக் காவல் காக்கும் பெரிய நாய்கள் வேறு ரகம், அவை ஓட்டாது. உங்கள் அளவுக்கு முக்கால்வாசி வேலையைத் தீனி வாளியே முடித்துவிடும். வாளியைக் குலுக்கிக்கொண்டு ஒருவர் முன்னே போங்கள், ஆடு தப்பிப் போகும் சந்தில் உங்கள் சோம்பேறி நாய் படுத்து அடைத்துக்கொள்ளட்டும். மணி இப்போது அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருக்கிறான், கதவைச் சுரண்டிக்கொண்டு.