பதில்: பாசிக் குழுக் கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களின் குழுவுக்குப் புதிதாகப் பொறுப்பேற்றதாகவும், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றாலே எல்லோரும் தரையைப் பார்ப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள், சகோதரி. அவர்களெல்லாம் ஒரே தெருக்காரர்கள். அங்கே புது ஆள் நீங்கள்தான், அதனால் முதலில் நீங்கள் பேசுங்கள்.

அப்புறம், கையிலேயே பதில் இருக்கிற கேள்வியாகக் கேளுங்கள். "பாறையில் பாசி பறிக்கும்போது விரலுக்கு என்ன சுற்றுவீர்கள், துணியா ரப்பரா?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் விரலை நீட்டிக் காட்டுவார், பக்கத்தில் இருப்பவர் "அது நனைஞ்சா வழுக்கும்க்கா" என்பார். அதோடு உங்கள் வேலை முடிந்தது, குறுக்கே போகாதீர்கள். மிதவையில் பாசி வளர்ப்பவர்களும் இருந்தால், மேற்குப் பக்கமிருந்து வீசும் கச்சான் காற்றில் கயிறு அறுந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம்.

வரிசையாக ஒவ்வொருவராகக் கேட்பது வேண்டாம். தன் முறை வருமே என்ற பயத்தில் முன்னால் பேசுபவர் சொல்வது காதில் ஏறாது. இரண்டிரண்டு பேராக ஐந்து நிமிடம் பேசவிட்டால் போதும்.

"வாழ்க்கையில் மறக்க முடியாத நாள் எது?" என்ற கேள்வியைப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருவார்கள். நம் கரையில் அதைத் தொடவே தொடாதீர்கள். யார் வீட்டு ஆள் இலங்கைச் சிறையில் இருக்கிறார், யார் வீட்டுப் படகு திரும்பவில்லை என்று உங்களுக்குத் தெரியாது. கடன் பாக்கியையும் எடுத்த எடுப்பில் கேட்க வேண்டாம்.

கூட்டம் எத்தனை மணிக்கு வைக்கிறீர்கள்? கடலுக்குப் போய்விட்டு வந்த அலுப்பில் உட்கார்ந்திருந்தால் எந்தக் கேள்வியும் எடுபடாது. முதலில் டீ கொடுங்கள்.