தோய்க்கிறது, ஆனால் பிழியுதில்லை: வாஷிங் மெசின் மோட்டர் போய்விட்டதா?

தங்கச்சி, நீங்கள் எழுதியதன்படி உங்கள் டாப் லோட் மெசின் ஒழுங்காகத் தோய்க்கிறது, கடைசியில் ஸ்பின் ஆகாமல் உடுப்பெல்லாம் சொட்டச் சொட்ட நிற்கிறது. பார்க்க வந்தவர் மோட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அவசரப்பட்டுக் காசு கொடுத்துவிடாதீர்கள். இந்த வகை ஃபுல் ஆட்டோ மெசினில் தோய்ப்பதும் பிழிவதும் பெரும்பாலும் ஒரே மோட்டர்தான். அது தோய்க்கிறது என்றால் மோட்டருக்கு உயிர் இருக்கிறது. (இரண்டு தொட்டி உள்ள செமி ஆட்டோ வேறு மாதிரி. அதில் பிழிய ஒரு மோட்டர் தனியாக இருக்கும்.)

முதலில் மூடியைத் திறந்து பாருங்கள். மெசின் நின்ற பிறகும் உள்ளே தண்ணீர் கிடக்கிறதா? கிடந்தால் பிழை ஸ்பின்னில் இல்லை, தண்ணீர் வடிவதில். தண்ணீர் போய்விட்டது என்று உள்ளே இருக்கிற சென்சர் சொல்லாமல் மெசின் வேகம் எடுக்காது. எல்ஜி மெசினாக இருந்தால் திரையில் ‘ஓஈ’ என்று காட்டும், அதற்கு அர்த்தம் இதுதான். ‘யூஈ’ என்றால் உடுப்பு ஒரு பக்கம் குவிந்திருக்கிறது, ‘டிஈ’ என்றால் மூடி சரியாக மூடவில்லை.

நம்முடைய பக்கத்தில், மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரைக்கும், நான் முதலில் சந்தேகப்படுவது ஹோஸைத்தான். மெசினைப் பின் விறாந்தையிலோ கிணற்றடியிலோ வைத்துவிட்டு, தண்ணீர் வீணாகக் கூடாது என்று ஹோஸை வாழையடிக்கு இழுத்துவிடுகிறோம். அது வாசற்படியில் ஏறி இறங்கி, நுனி மணலுக்குள் புதைந்து கிடக்கும். பம்ப் இல்லாத டாப் லோட் மெசினில் தண்ணீர் தானாகவே இறங்கிப் போக வேண்டும். ஹோஸ் நடுவில் மேலே ஏறினால் பாதித் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஹோஸை நிலத்தோடு நேராகப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் உள்ளே இருக்க ஹோஸைக் கழற்றினால் விறாந்தை முழுக்க வெள்ளம், ஆகவே முதலில் கோப்பையால் மொண்டு எடுத்துவிடுங்கள். கழற்றின ஹோஸைக் குழாயடியில் கழுவும்போது சவர்க்காரப் பசையோடு மணல் குழைந்து, சாம்பல் நிறத்தில் கட்டியாக வழிந்து வரும். அதற்குள் சேட்டுத் தெறி, தலைமயிர், பத்து ரூபாய்க் குற்றி எல்லாம் இருக்கும். கடற்கரைக்குப் போய் வந்த பிள்ளைகளின் உடுப்பை உதறாமல் போடுகிற வீடுகளில் இது நிச்சயம்.

ஹோஸ் சுத்தமாக இருந்தும் தண்ணீர் போகவில்லை என்றால் அடுத்தது ட்ரெய்ன் மோட்டர், அதாவது தண்ணீரை வடியவிடுகிற மோட்டர். கையடக்கமான சின்னச் சாமான்தான். பம்ப் இல்லாத மெசின்களில் இதுவே தண்ணீர் வால்வையும் இழுத்துத் திறக்கும், டப் முழுவதும் சேர்ந்து சுழலும்படி கிளட்சையும் மாற்றிவிடும். இது செத்தால் தண்ணீரும் போகாது, ஸ்பின்னும் வராது, ஆனால் தோய்க்கிறது மட்டும் நடக்கும். பெரிய மோட்டர் மேல் பழி விழுவது இதனால்தான்.

தண்ணீர் முழுக்கப் போயும் சுழலவில்லையா? மூடியின் சுவிட்சைப் பாருங்கள். பல மெசின்களில் மூடி திறந்திருந்தாலும் தோய்க்கும், பிழியாது. கடற்காற்றில் அந்தச் சுவிட்சின் வயர் முனை பச்சைக் களிம்பு பிடித்துவிடும். கல்லடி, நாவற்குடா மாதிரிக் கடலோர வீடுகளில் மெசினை பிளாஸ்டிக் உறையால் இறுக்க மூடி வைப்பதை நான் விரும்புவதில்லை. ஈரம் உள்ளேயே நின்று துருவைக் கூட்டும். வேலை முடிந்ததும் மூடியைத் திறந்து வைத்துக் காயவிடுங்கள்.

அப்புறம் உடுப்பின் பாரம். ஒரே ஒரு கனத்த பெட்ஷீட்டை மட்டும் போட்டால் அது ஒரு பக்கம் சுருண்டுகொள்ளும். மெசின் ஆடி, நின்று, திரும்பத் தண்ணீர் எடுத்து அலசத் தொடங்கும். கூடவே துவாய், சாரம் என்று சிலதைப் போட்டு டப்பைச் சுற்றிப் பரப்பிவிடுங்கள். மெசின் நான்கு காலிலும் ஒரே மட்டமாக நிற்க வேண்டும், செங்கல் மேல் வைக்காதீர்கள். மாரியில் மழைக்கோட்டை மட்டும் தயவுசெய்து ஸ்பின்னில் போட வேண்டாம். அது தண்ணீரைப் பை மாதிரிப் பிடித்து வைத்திருக்கும், வேகம் எடுக்கும்போது மெசினே தூக்கி அடிக்கும்.

டப் மெதுவாக மட்டும் சுற்றுகிறது என்றால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது எலி கடித்திருக்கலாம். அடிப்பக்கம் திறந்த மெசினுக்குள் எலி சுலபமாகப் போகும், வயரையும் விடாது. கீழே வலைத்தகடு அடித்து வைப்பது நல்லது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் பின்னேரங்களில் குறைவாக வந்தாலும் வேகம் பிடிக்காது, காலையில் ஒருமுறை போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். தோய்க்கும்போதே உறுமல் சத்தம் மட்டும் கேட்டு எதுவும் அசையாவிட்டால், மோட்டரைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டரைச் சந்தேகப்படலாம். அதை நீங்கள் தொட வேண்டாம். பிளக்கைக் கழற்றின பிறகும் அதற்குள் கரண்ட் தங்கியிருக்கும். திருத்துகிறவரே பார்க்கட்டும்.

அவர் திரும்ப வந்தால், தோய்க்கிற மோட்டர் எப்படிப் பழுதாகும் என்று நேரடியாகக் கேளுங்கள். ட்ரெய்ன் மோட்டரையும் கிளட்சையும் பெல்ட்டையும் உங்கள் முன்னால் காட்டச் சொல்லுங்கள், சாமானின் விலையையும் கூலியையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். கழற்றின பழைய சாமானைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஹோஸைக் கழுவின பிறகு தண்ணீர் போனதா இல்லையா என்று இங்கே எழுதினால், அடுத்து எதைப் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.