கோட்டியும் போக்கும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமையின் கல்லிடைக்குறிச்சி. வேலை பெங்களூரில். ஆங்கிலச் சிறுகதை ஒன்றைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு தாய்மாமன் வருகிறார். அடுத்த நிமிடம் அவர் என்ன செய்வார் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அகராதி 'கணிக்க முடியாத' என்கிறது. எழுதிப் பார்த்தால் வானிலை அறிக்கை வாசிப்பதுபோல இருக்கிறது. என் அம்மா தன் தம்பியை 'கோட்டிக்கார மனுஷன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். எங்கள் பக்கம் கோட்டி என்றால் பைத்தியம். அதையே எழுதலாமா? மனநோய் உள்ளவர்களை அது புண்படுத்துமா? நம் சீமையில் வேறு சொல் இல்லையா?

ஒரு வாசகர், பெங்களூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

'கணிக்க முடியாத' என்ற சொல்லில் அந்த மாமாவே இல்லை. அவரைக் கணிக்க உட்கார்ந்து தோற்றுப்போனவர்தான் இருக்கிறார். நம் ஊர்ப் பேச்சு அந்த இடத்தில் நின்றுவிடாது. ஒருவன் சொன்னபடி நடக்கவில்லை என்றால், ஏன் நடக்கவில்லை என்று கேட்கும். ஆசை இழுத்ததா, அடுத்தவர் இழுத்தாரா, ஆதாயமா, தலைக்குள் ஏதாவதா? பதிலைப் பொறுத்துச் சொல் மாறும்.

கண்டதில் எல்லாம் மனம் தாவினால் சபல புத்தி. கடைசியாக யார் பேசினாரோ அவர் பக்கம் சாய்ந்தால் எடுப்பார் கைப்பிள்ளை. எந்தப் பக்கமும் குதிக்காமல் இருந்தால் மதில்மேல் பூனை. லாபம் பார்த்து நிறம் மாறினால் பச்சோந்தி. இந்த நான்கு பேரையும் ஒரே பெயரடையில் அடைத்தால் பாவம் அந்தக் கைப்பிள்ளைதான். அவனிடம் கள்ளம் கிடையாது.

இனி கோட்டிக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

'நூலின்றிக் கோட்டி கொளல்' என்று திருக்குறளில் வரும் கோட்டி வேறு. அது கற்றவர்கள் கூடும் அவை. நம்முடைய கோட்டி, கோடுதல் என்ற வினையிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கோடுதல் என்றால் வளைதல். ஒரு பக்கம் சாயாமல் நிற்பதை வள்ளுவர் 'கோடாமை' என்கிறார். பைத்தியம் என்ற சொல்லுக்குப் பின்னால் பித்தம் இருக்கிறது, அதாவது உடம்பு. கிறுக்கு என்றதும் கிறுகிறுப்பு நினைவுக்கு வருகிறது. மரை கழன்றவன் என்பது பட்டறைப் பேச்சு. அதைச் சொல்கிறவர் கண்ணுக்கு மனிதன் ஓர் இயந்திரம். கோட்டியில் எனக்குத் தெரிவது மரம், வளைந்து வளர்ந்த மரம்.

எங்கள் தெருவில் ஓர் ஆசாரி இருந்தார். கலப்பை செய்வதில் கைகாரர். நேரான கட்டை கலப்பைக்கு உதவாது. இயல்பாகவே வளைந்த கருவை மரத்துக்காக அவர் நாள் கணக்கில் அலைவார். கிடைத்த மரத்தைப் பாதி செதுக்கியபின், உளியைக் கீழே வைத்துவிட்டு ஆற்றுப் படித்துறையில் போய் உட்கார்ந்துவிடுவார். விதைப்பு நெருங்குகிறது என்று சம்சாரிகள் வந்து மன்றாடினாலும் எழுந்திருக்க மாட்டார். மறுநாள் விடியும் முன்பே தெருவை எழுப்பிவிடும் அவருடைய கொட்டாப்புளிச் சத்தம். அவசரப்படுத்தியவருக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கேட்காத ஒருவருக்குச் சும்மாவே நுகத்தடி செய்து கொடுத்ததும் உண்டு. 'ஆசாரிக்குக் கோட்டி பிடித்திருக்கிறது' என்று யாரோ திண்ணையில் சொன்னபோது என் ஆச்சி உடனே மறுத்தாள். 'கோட்டி இல்லை. அது அவன் போக்கு' என்றாள்.

அடுத்த தெருவில் ஒரு பெண். பிள்ளையைப் பறிகொடுத்தபின் நேரம் காலம் தெரியாமல் வெளியே நடப்பாள். சிரிப்பாள், சில நாள் யாரையாவது கட்டிக்கொண்டு அழுவாள். சிறுவர்கள் நாங்கள் அவளைக் கோட்டி என்றுதான் சொன்னோம். ஆச்சி எங்களை எல்லாம் 'ஏலே கோட்டிக்காரா' என்று வாய் ஓயாமல் கூப்பிடுகிறவள். அவள் ஒருநாளும் அந்தப் பெண்ணைப் பற்றி அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. 'அவளுக்குச் சுகமில்லை' என்பாள். காய்ச்சல்காரரைப் பற்றிச் சொல்கிற அதே குரலில் சொல்வாள்.

புண்படுத்துமா என்ற உங்கள் கேள்விக்கு என் ஆச்சி அன்றே பதில் சொல்லிவிட்டதாக நினைக்கிறேன். சுகமாக இருக்கும் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே சொன்னால் கோட்டி ஒரு கொஞ்சல். சுகமில்லாத ஒருவர்மேல் எறிந்தால் அது கல். நம் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். வீட்டார் குணமாக்கத்தான் அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். பைத்தியம் என்று ஊர் முடிவு கட்டிய பிறகு சங்கிலி யாருக்கும் உறுத்தவில்லை. மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. நோயைக் குறிக்க எழுத்தில் கோட்டியைத் தொடாதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். காகிதத்தில் குரல் கேட்காது. கிள்ளிய கை எது, எறிந்த கை எது என்று படிப்பவருக்குத் தெரியாமல் போய்விடும்.

அதற்காகச் சொல்லையே ஊரைவிட்டுத் துரத்த வேண்டியதில்லை. கதையில் அந்த மாமாவின் அக்கா பேசும் இடம் வந்தால், அவள் வாயில் 'கோட்டிக்கார மனுஷன்' தாராளமாக வரட்டும். கதைசொல்லியின் வாயில் வேண்டாம். கதைசொல்லிக்கு ஆச்சியின் 'போக்கு' இருக்கிறது. 'சித்தன் போக்கு சிவன் போக்கு' என்று ஊர் சொல்வதிலும் இருப்பது அதே சொல்தான். அந்த ஆள் எங்கோ போய்க்கொண்டிருக்கிறார், வழி நமக்குப் பிடிபடவில்லை என்பதை அது ஒத்துக்கொள்கிறது.

பெயரடையே வேண்டாம் என்றும் எனக்குத் தோன்றுகிறது. 'தென்காசி பஸ்ஸுக்கு என்று கிளம்பிப் போன மாமா, திருச்செந்தூரிலிருந்து கருப்பட்டியோடு வந்து சேர்ந்தார்' என்று எழுதிப் பாருங்கள். நான் சொல்வது வெறும் மாதிரிதான். உங்கள் கதையின் மாமா செய்வதை வைத்து நீங்கள் எழுதவேண்டும். அதற்கு முன், அவர் எதனால் அப்படி மாறுகிறார் என்று மூலத்தை இன்னொரு முறை படித்து முடிவு செய்யுங்கள். ஆசிரியர் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நீங்களும் சொல்லாமல் விடுங்கள்.

உங்கள் அம்மாவிடம் நான் ஒன்று கேட்டதாகச் சொல்லுங்கள். 'கோட்டிக்கார மனுஷன்' என்பதைத் தம்பி எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது சொல்வாரா, அவர் எழுந்து போன பிறகு சொல்வாரா?

அன்புடன்